மடுல்சீமைக்கு ஏறிப்போன கால்

கட்டுநாயக்க விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்தார். உள்ளே வரிசையாகப் பாதங்கள். பழுப்பு நிற ரப்பர், விரல்கள், விரல்களில் நகம்கூட உண்டு. ஒன்றைக் கையிலெடுத்து அழுத்திப் பார்த்துவிட்டு, பக்கத்து மேசைக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். எனக்குப் பின்னால் நின்ற பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள்: "மிச்ச உடம்பெல்லாம் எந்தப் பெட்டியில வருதுன்னு கேக்குறாரு."

நான் திருச்சியில் செயற்கைக் கால் செய்யும் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன் என்பதையும், முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர்களுக்காகப் பதுளைக்குப் போகிறேன் என்பதையும் அந்தப் பெண் வழியாக அவருக்கு விளக்கினேன். அவர் கடைசியாக ஒரு பாதத்தைத் தடவிக் கொடுத்துப் பெட்டியை மூடினார். அம்மாவுக்குச் சீனி வருத்தம், காலில் புண் என்றார். தினமும் பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். நாங்கள் சர்க்கரை என்கிற நோய் இங்கே சீனி. பெயர் எதுவானாலும் அது கடைசியில் போய் உட்காருவது காலில்தான்.

என்னை வரவழைத்தவள் ராஜேஸ்வரி. லுணுகலையில் தையல் கடை வைத்திருக்கிறாள். சில வருடங்களுக்கு முன் தன் சித்தப்பாவை எங்கள் கூடத்துக்கு அழைத்து வந்திருந்தாள். அவர் புதுக் காலோடு படியிறங்கியதைப் பார்த்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க பக்கம் இந்த மாதிரி நெறைய பேரு லயத்துக்குள்ளயே உக்காந்திருக்காங்கக்கா. எல்லாரும் பிளேன் ஏறி வர முடியுமா? நீங்க ஒருக்கா வாங்களேன்." லயம் என்பது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். விடுப்பும் அனுமதியும் கூடிவரத்தான் காலமாயிற்று.

பதுளை ரயிலில் இறால் வடை விற்றார்கள். வடையின் மேல் முழு இறால் மீசையோடு படுத்திருந்தது. திருச்சியில் யாராவது இப்படிக் கொடுத்தால் சண்டைக்குப் போவேன். இங்கே இரண்டாவது வடைக்குக் கையை நீட்டினேன். ஜன்னலுக்கு வெளியே தேயிலை வந்தது, போனது, பனி மூடியது, மறுபடி தேயிலை வந்தது. எதிரே இருந்த ஆசிரியர் ஒருவர், "இதுக்கு மேல ரயில் போகாது, பதுளையோட தண்டவாளம் முடிஞ்சிரும்" என்று பெருமையாகச் சொன்னார். தண்டவாளம் முடிகிற இடத்தில்தான் என் வேலை தொடங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டேஷனில் ராஜேஸ்வரி கட்டிப்பிடித்து வரவேற்றாள். உடனே முகத்தைத் தொங்கப்போட்டாள். கொழும்பிலிருந்து லொறியில் வந்த மின் அடுப்பு நொறுங்கிவிட்டதாம். கதவு ஒரு பக்கம், கம்பி ஒரு பக்கம்.

அந்த அடுப்பு இல்லாமல் என் வேலை நடக்காது. வெட்டுப்பட்ட காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு முதலில் அச்சு எடுப்பேன். அந்த அச்சில் மாவைக் கரைத்து ஊற்றினால் காலின் பிரதி கிடைக்கும். தடித்த பிளாஸ்டிக் குழாயை அடுப்பில் சூடாக்கி, அது தோசை மாவு போல் இளகும்போது அந்தப் பிரதியின் மேல் இழுத்துப் போர்த்த வேண்டும். அடியில் ரப்பர் பாதத்தை முடுக்கினால் கால் தயார். அடுப்பு இல்லையென்றால் நான் கொண்டுவந்தது வெறும் குழாயும் பாதமும்தான்.

"அடுப்பு தானே வேணும்?" என்றார் நஸீர் ஹாஜியார். பதுளை பஜாரில் பேக்கரி வைத்திருப்பவர், எங்களுக்குக் கடைக்குப் பின்னாலிருந்த கிடங்கை இலவசமாகக் கொடுத்தவர். அவருடைய நானாவுக்கும், அதாவது மூத்த சகோதரருக்கும், கால் போயிருந்தது. "வாங்க தங்கச்சி, காட்டுறேன்." கொல்லைப்புறத்தில் செங்கல்லில் கட்டிய பழைய விறகுப் போறணை இருந்தது. பாண் சுடும் அடுப்புக்கு இங்கே போறணை என்று பெயர். பாண் என்றால் நம் ஊர் ரொட்டி. "புதுசு வாங்கின பொறகு இதுல பாண் போடுறதில்ல. ஒங்கட கால போடுங்க" என்றார்.

மறுநாள் காலை துண்டுக் குழாய்களைப் போட்டுப் பழகினோம். முதல் துண்டு தீய்ந்தது. இரண்டாவது வளையவே இல்லை. தணலை ஒதுக்கித் தள்ளி, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, ஹாஜியார் எட்டி எட்டிப் பார்க்க, நான் கம்பியால் குத்திக் குத்திப் பார்க்க, ஒரு துண்டு அழகாக இளகி வந்தது. ஹாஜியார் கடைக்குள் ஓடிப்போய் எல்லோருக்கும் சூடாக மீன் பணிஸ், அதாவது உள்ளே மீன் வைத்த பன், கொண்டுவந்தார். கையில் பிசுக்கோடு நின்று தின்ற அந்தப் பணிஸின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அடுத்து வந்த நாட்கள் கல்யாண வீடு மாதிரி கழிந்தன. லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ்ஸிலும் ஆட்டோவிலும் ஆட்கள் வந்தார்கள். ஹாஜியாரின் நானா முதல் ஆளாக எழுந்து நடந்து நேரே பள்ளிவாசலுக்குப் போனார். லொறி ஓட்டியாக இருந்த ஒருவர் கால் மாட்டியதும் பால் சேர்க்காத பிளேன்டீகூடக் குடிக்காமல் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டார். பயிற்சி முடியவில்லை என்று நான் பின்னாலேயே ஓடிப் பிடித்துவந்தேன். ராஜேஸ்வரி மூலையில் தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு, காலுக்குள் போடும் துணி உறைகளைத் தைத்துத் தள்ளினாள்.

எங்களைப் பார்க்க மடுல்சீமைப் பக்கத்து அரசு மருத்துவர் டாக்டர் நிலந்தி வந்தார். சிங்களப் பெண். தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்துப் பேசினார். "நீங்கள் கால் செய்றது நல்லம். கால் போகாமல் பாக்கிறது என்ட வேலை. ஆனால் மேல் தோட்டத்து ஆக்கள் கீழே வாறது இல்லை."

இலங்கையில் அரசு ஆஸ்பத்திரி இலவசம். காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. நம் ஊரை நினைத்து நான் பொறாமைப்பட்டேன். அதை ராஜேஸ்வரியிடம் சொன்னபோது ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "வைத்தியம் சும்மாதான்கா. வைத்தியத்துகிட்ட போறதுதான் சும்மா இல்ல. மேல இருந்து பஸ் வர்றதுக்குள்ள கிளினிக் பாதி முடிஞ்சிரும். கொழுந்தெடுக்கப் போகலேன்னா அன்னைக்குப் பேரு இல்ல, சம்பளம் இல்ல. சின்னப் புண்ணுக்கு யாரு போவா? பெருசானப்புறம் தூக்கிக்கிட்டுப் போவாங்க. கால எடுத்துட்டு அனுப்புவாங்க."

டாக்டரிடம் வாகனமும் மருந்தும் இருந்தன. மேலே போய்ப் பார்க்கவும் தயாராக இருந்தார். ஒருமுறை போய் மரத்தடியில் மேசை போட்டு மழையில் நனைந்து திரும்பினாராம். "ஒரு அறை தந்தால் மாதம் மாதம் வருவேன்" என்றார்.

வரவேண்டியவர்களில் ஒருவர் மட்டும் வரவில்லை. மடுல்சீமைக்கு மேலே, தோட்டத்தின் கடைசி லயத்தில் இருக்கும் பாக்கியம். வேன் அனுப்பியும் ஏற மறுத்துவிட்டாராம். "ஒரு காலத்துல மாதர் சங்கத் தலைவிக்கா அவங்க. பெரட்டுல அவங்க சத்தம் கேட்டா கணக்கப்பிள்ளை ஒளிஞ்சுக்குவாரு. சீனிப் புண்ணுல கால் போனதுல இருந்து வாசலுக்கே வர்றதில்ல" என்றாள் ராஜேஸ்வரி. காலையில் வேலைக்குமுன் ஆட்கள் கூடி நிற்பதைத்தான் பெரட்டு என்கிறார்கள்.

அவர் வராவிட்டால் நாம் போவோம் என்று கிளம்பினோம். மாவுக்கட்டுத் துணிகளைப் பாலித்தீனில் சுற்றி, ஒரு பாதத்தையும் பையில் போட்டுக்கொண்டேன். மடுல்சீமை தாண்டியதும் மழையில் சரிந்த மண் பாதையில் பாதியை மூடியிருந்தது. வேன்காரர் கையை விரித்துவிட்டார். கொழுந்து ஏற்றப் போகும் லொறி ஒன்று வந்தது. டிரைவர், "சாக்கு மேல உக்காந்துக்குங்க, வளைவுல மட்டும் கண்ண மூடிக்குங்க" என்று ஏற்றிக்கொண்டார். நான் எல்லா வளைவிலும் மூடிக்கொண்டேன். கொல்லிமலை வளைவுகளைப் பற்றிப் பெருமை பேசிய என் வாய் அன்றோடு மூடிக்கொண்டது.

பாக்கியத்துக்கு ஐம்பது வயதிருக்கும். லயத்தின் உள்ளறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கொய்யாக் கம்பில் செய்த ஊன்றுகோல். என்னைப் பார்த்ததும், "போட்டோ புடிக்க வந்தீங்களா?" என்றார்.

"இல்லக்கா, அளவெடுக்க வந்தேன்."

"போன தடவ வந்தவங்களும் அளவுதான் எடுத்தாங்க. போட்டோ புடிச்சாங்க. புள்ளைகளுக்கு பிஸ்கட் குடுத்தாங்க. போனவங்க போனவங்கதான். புதுக் கால் வருது வருதுன்னு லயமே பேசுச்சு. நான் கேக்காத பேச்சா?"

யார் அவர்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. நான் தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காலைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுச் சேலையை விலக்கினார். வெட்டிய இடம் நன்றாக ஆறியிருந்தது. முட்டி தடையில்லாமல் நீண்டது. கொய்யாக் கம்பை ஊன்றி வீட்டுக்குள்ளேயே சளைக்காமல் நடமாடியிருக்கிறார். இத்தனை நாள் உட்கார்ந்தவருக்கு முட்டி மடங்கிப் போயிருக்கும் என்று பயந்து வந்த எனக்கு உற்சாகம் பொங்கியது. "அக்கா, இது நடக்கிற கால்" என்றேன்.

"நடக்கும். ஆனா நீங்க திரும்பி வருவீங்கன்னு எப்படி நம்புறது?"

பையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினேன். "இது இல்லாம நான் ஊருக்குப் போகவே முடியாது. காலோட வந்து வாங்கிக்கிறேன்."

ராஜேஸ்வரி, "அக்கா!" என்று பதறினாள். பாக்கியம் வேண்டாம் என்பார் என்றுதான் நினைத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். புரட்டிப் பார்த்து, "போட்டோவுல கொஞ்சம் நல்லா இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். பிறகு காலை நீட்டினார். "எடுங்க அளவ."

அவர் கணவர் முருகேசு தேங்காய் ரொட்டியும் இடித்த சம்பலும் கொடுத்தார். சம்பல் காதுவரை உறைத்தது. உலர்ந்த அச்சை மடியில் வைத்துக்கொண்டு கீழே போனேன். பதுளை பஸ்ஸில் கண்டக்டர் அதை உற்றுப் பார்த்தார். "இது யாரோட காலுங்க?" மடுல்சீமை பாக்கியத்துடையது என்றேன். "அட, நம்ம தலைவியா!" என்று முன் சீட்டில் ஒருவரை எழுப்பி எனக்கு இடம் கொடுத்தார்.

மறுநாள் பார்த்துப் போறணை சதி செய்தது. ஈர விறகு. சூடு ஏறவில்லை என்று விறகைத் திணித்தோம். ஏறியபோது ஒரேயடியாக ஏறிவிட்டது. உள்ளே வைத்த குழாய் உருகிக் கொழகொழவென்று வழிந்தது. பாக்கியத்தின் கால் அளவில் மீதி இருந்தது இன்னும் ஒரே ஒரு குழாய். அதுவும் போனால் கால் இல்லை. பாஸ்போர்ட்டும் இல்லை. ஹாஜியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவசரப்பட வேணாம் தங்கச்சி. நல்லா எரியட்டும், அடங்கட்டும். நான் அசர் தொழுதிட்டு வாறேன்" என்று போனார். அவர் மாலைத் தொழுகை முடித்து வரும்வரை நான் போறணையைத் தொடவில்லை. வந்ததும் மறுபடி துண்டு ஒன்றைப் போட்டுப் பார்த்து, பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு குழாயை வைத்தேன். பளபளவென்று இளகியது. நான் ஒரு பக்கமும் ராஜேஸ்வரி ஒரு பக்கமுமாகப் பிடித்து மாவுப் பிரதியின் மேல் இழுத்தோம். சுருக்கம் இல்லை, குமிழ் இல்லை. ஹாஜியார் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். ராஜேஸ்வரி "முருகா" என்றாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

காலோடு மேலே போனபோது முருகேசு லயத்து வாசலில் இரண்டு மூங்கில்களைக் கைப்பிடியாகக் கட்டி வைத்திருந்தார். பக்கத்து லயங்களிலிருந்தும் ஆட்கள் கூடிவிட்டார்கள். பாக்கியம் காலை மாட்டி எழுந்து நின்றார். உதட்டைக் கடித்துக்கொண்டார். "கடிக்குது." கழற்றினேன், ஓரத்தைத் தேய்த்தேன், மாட்டினேன். "இன்னும் கடிக்குது." மறுபடி கழற்றினேன். பிறகு நின்றார். இந்த முறை கடிக்கவில்லை. மூங்கிலைப் பிடித்துப் போனார், திரும்பி வந்தார். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி விசும்பினாள். "எதுக்குடி அழுவுற? நான் செத்தா போயிட்டேன்?" என்று ஒரு அதட்டல். பிறகு மூங்கிலை விட்டுவிட்டு, ஒரு கைத்தடியோடு வாசலைத் தாண்டினார். நான் பதறிக்கொண்டு கூடவே போனேன். நேரே தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போனார். அங்கே குடங்களோடு நின்ற பெண்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். ஒருத்தியின் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"தண்ணி வீணாப் போவுது பாரு! நான் இல்லேன்னா ஒருத்திக்கும் பொறுப்பில்ல!"

அவ்வளவு பெரிய கைதட்டலை அந்தப் பீலி கேட்டிருக்காது. வீட்டுக்குத் திரும்பியதும் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து, முந்தானையால் துடைத்து, என் கையில் வைத்தார். "இந்தாம்மா, ஒன் கால்" என்றார்.

நான் உடனே கிளம்பியிருக்கலாம். நடைப்பயிற்சி முடியட்டும் என்று பயணத்தைத் தள்ளிப்போட்டேன். ராஜேஸ்வரியும் நானும் முருகேசு வீட்டிலேயே தங்கினோம். ராஜேஸ்வரி பேச்சுவாக்கில் டாக்டர் அறை கேட்ட கதையைச் சொன்னாள். பாக்கியம் நிமிர்ந்தார்.

"அறையா? பிள்ளைக்காம்பரா பூட்டித்தானே கெடக்கு!" புது இடம் கட்டியதால் கைவிடப்பட்ட பழைய பிள்ளை பராமரிப்பு நிலையம் அது. "நாளைக்குப் பெரட்டுக்குப் போறேன்."

அவ்வளவு தூரம் இப்போதே வேண்டாம் என்றேன். கேட்டால்தானே. விடிந்ததும் நிறுத்தி நிறுத்தி நடந்தார். வழியில் ஒவ்வொரு லயத்திலிருந்தும் பெண்கள் கூடையோடு சேர்ந்துகொண்டார்கள். பெரட்டில் தோட்டத்துத் துரை, இளம் சிங்கள மேலாளர், நின்றுகொண்டிருந்தார். பாக்கியத்தைப் பார்த்ததும் கணக்கப்பிள்ளை முதலில் ஒரு அடி பின்வாங்கி, பிறகு முகமெல்லாம் சிரிப்பாக முன்னால் வந்தார்.

பாக்கியம் விஷயத்தைச் சொன்னார். துரை கேட்டுவிட்டுச் சிங்களத்தில் பதில் சொல்ல, கணக்கப்பிள்ளை தமிழில் சொன்னார்: "கட்டடத்தைக் குடுக்கணும்னா கம்பெனிகிட்ட கேக்கணுமாம். கொழும்புல இருந்து பதில் வரணுமாம்."

"பதில் மெதுவா வரட்டும். சாவிய இப்ப குடுக்கச் சொல்லுங்க. கூட்டிக் கழுவுறதுக்குக் கொழும்புல கேக்கணுமா?"

பெண்கள் யாரும் மலைக்குப் போக அசையவில்லை. சத்தமும் போடவில்லை. கூடையோடு நின்றார்கள். துரை பாக்கியத்தின் காலைப் பார்த்தார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில், இவர் இதில் எவ்வளவு தூரம் நடந்து வந்தார் என்று கேட்டார். கடைசி லயத்திலிருந்து என்றேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கொழும்புக்குத் தானே பேசுவதாகவும், கிளினிக் நாளில் மருந்தெடுக்க வருகிறவர்களுக்கு அன்றைய பேர் வெட்டிச் சம்பளத்தைப் பிடிக்கக்கூடாது என்று சொல்லிவிடுவதாகவும் கூறிவிட்டு, சாவிக்கு ஆளனுப்பினார். பேர் விஷயத்தைப் பாக்கியம் இன்னும் கேட்டிருக்கவே இல்லை. கேட்காமலே கிடைத்ததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கம்பெனி சம்மதித்த செய்தி வந்தபோது பிள்ளைக்காம்பரா கழுவி, வெள்ளையடித்து, காய்ந்தும் விட்டது. ஹாஜியார் பாண் அனுப்பினார். நான் ஊர் கிளம்புவதற்கு முன்பே டாக்டர் நிலந்தியின் வாகனம் மேலே ஏறி வந்தது. மழை வந்தது, யாரும் நனையவில்லை.

பாக்கியம் வாசற்படியில் நின்றுகொண்டார். "செருப்பக் கழட்டு. பாதத்தக் காட்டு." ஆணோ பெண்ணோ, காட்டாமல் உள்ளே போக முடியவில்லை. பேச்சியம்மா என்ற பெண் மட்டும் தயங்கித் தயங்கி நின்றாள். பீலியில் குடம் வழியவிட்டவள்தான். அவள் உள்ளங்காலில் விரலடியில் ஒரு சின்னப் புண். நோவே இல்லை, அதனால்தான் சொல்லவில்லை என்றாள். பாக்கியம் அவள் கையைப் பிடித்து டாக்டரிடம் அழைத்துப்போனார். டாக்டர் குனிந்து, விளக்கடித்து, நிதானமாகப் பார்த்தார். இரத்தத்தில் சீனி பார்த்தார்.

"நல்ல நேரத்தில் வந்தது" என்றார் டாக்டர், தன் நிதானமான தமிழில். "மருந்து கட்டுவோம். அடுத்த கிளினிக்குக்கும் வரவேணும். ஆறும்."

பாக்கியம் இரு கால்களையும் ஊன்றித் திரும்பி, வாசலுக்கு வெளியே மழையில் குடை பிடித்து நின்ற வரிசை முழுவதற்கும் கேட்கும்படி, பழைய பெரட்டுக் குரலில் சொன்னார்:

"கேட்டீங்களா எல்லாரும்? ஆறிடுமாம்!"